ஆரி, எம்பிராய்டரி சாமான்கள்: பைலிலும் டப்பாவிலும் வரும் கோளாறுகள், சரிசெய்யும் வழிகள்

கொக்கி ஊசியால் செய்கிற ஆரி வேலையோ, கை எம்பிராய்டரியோ செய்கிறவர்கள் வீட்டில் சாமான் சேர்ந்துகொண்டே போகும். ஒரு ப்ளவுஸுக்கு வாங்கிய சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணிகளில் பாதி மிஞ்சும். அடுத்த ப்ளவுஸுக்கு அந்த நிறம் பொருந்தாது. முதலில் பிஸ்கட் டின்னில் போடுவோம், அது நிறைந்ததும் கட்டைப்பை. அப்புறம் ஒரு நாள் மனசு வந்து ரிங் பைல், பிளாஸ்டிக் கவர், கட்டம் போட்ட டப்பா எல்லாம் வாங்கி அடுக்குவோம். ஒரு மாதம் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் ஜரிகை கறுத்திருக்கும், டிசைன் தாள் கவரோடு ஒட்டியிருக்கும், மணிகள் கலந்திருக்கும்.

பத்து வருடமாக இந்தச் சாமான்களோடு புழங்குவதில் எனக்குத் தெளிவான விஷயம் இது: நிறவாரியாக அடுக்குவதற்கு முன்னால் எதற்கு எது பகை என்று பார்க்க வேண்டும். ஜரிகைக்கு ரப்பர் பகை. காகிதத்துக்கு மண்ணெண்ணெய் பகை. ஊசிக்கு ஈரம் பகை. பைல் வளையத்துக்குச் சுமை பகை. பகையானவற்றை ஒரே பெட்டியில் வைத்துவிட்டு எவ்வளவு அழகாக அடுக்கினாலும் நிற்காது. உங்கள் வீட்டில் எந்தக் கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

ஜரிகை நூல் கறுத்துவிட்டது

உங்களிடம் இருப்பது எந்த ஜரிகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். சுருங்கி உருகி முனையில் சொட்டாகத் திரண்டால் அது பாலியஸ்டர் ஜரிகை. அது கறுப்பதில்லை, நாளாக ஆகத் தேய்ந்து வெளுக்கும். உள்ளே இருக்கும் நூல் மட்டும் எரிந்து மேலே சுற்றியிருந்த மெல்லிய கம்பி மிஞ்சினால் அது உலோக ஜரிகை. வெள்ளிப் பூச்சுள்ள செம்பாக இருக்கலாம், வெள்ளியாகவும் இருக்கலாம். கறுக்கிற சாதி இதுதான்.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். காற்றிலேயே அது கொஞ்சம் உண்டு. ஆனால் நாமே பெட்டிக்குள் கொண்டுபோய் வைக்கிற கந்தகம்தான் பெரிய கேடு. ரப்பர் பேண்ட் செய்யும்போது ரப்பர் உறுதியாவதற்காகக் கந்தகம் சேர்க்கிறார்கள். கம்பளித் துணியிலும் இயல்பாகவே கந்தகம் இருக்கிறது.

கறுப்பு எந்த வடிவத்தில் விழுந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். ரீலின் குறுக்கே ஒரு பட்டை போல விழுந்திருந்தால் அது ரப்பர் பேண்ட் போட்ட இடம். ஒரு தீபாவளி சமயத்தில் பன்னிரண்டு ரீல்களைச் சேர்த்து ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். பொங்கலுக்குத் திறந்தபோது பன்னிரண்டிலும் ஒரே உயரத்தில், ரப்பர் பேண்டின் அகலத்துக்கே, பழுப்பும் கறுப்புமாக ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல இருந்தது. மேலே தெரிகிற பக்கம் மட்டும் மங்கியிருந்தால் திறந்து கிடந்ததால் வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக மங்கியிருந்தால் பெட்டிக்குள் ஈரம் இருக்கிறது.

கறுத்ததைப் பழையபடி ஆக்க முடியுமா? நூலாக இருக்கும்போது முடியாது. எலுமிச்சை, புளி, பாத்திரம் துலக்கும் பொடி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பூச்சு போய்ச் செம்பு தெரியும், உள்நூலும் இற்றுப்போகும். செய்ய வேண்டியது ஒன்றுதான். மேல் சுற்றுகளை உருவி வெட்டுங்கள். பெரும்பாலும் நாலைந்து அடுக்குக்குக் கீழே நூல் பளிச்சென்று இருக்கும். அதன் பிறகு, ரீலைப் பருத்தித் துணி நாடாவால் கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கம்பளி ஒட்டிய ஊசிப் புத்தகம் இருந்தால் அதை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

ஜர்தோசி ஸ்பிரிங்குக்கும் (சுருள் கம்பியாக வரும் ஜரிகை) இதே விதிதான். கூடவே இன்னொன்று: அதை மடித்து வைக்கக் கூடாது. ஒரு தடவை இழுபட்டால் ஸ்பிரிங் திரும்பச் சுருங்காது. ஜூஸ் குடிக்கும் உறிஞ்சுகுழாயில் நுழைத்து நீளவாக்கில் வையுங்கள்.

பைலில் வைத்த டிசைன் தாள் கவரோடு ஒட்டிக்கொண்டது

லேசர் பிரின்டரிலோ ஜெராக்ஸிலோ எடுத்த டிசைனைப் பளபளப்பான பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் இது நடக்கும். கவர் பிவிசி பிளாஸ்டிக்காக இருந்தால், அதை வளைந்துகொடுக்க வைக்கிற ஒரு எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசியும். ஜெராக்ஸ் மையும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். அந்த எண்ணெய் பட்டதும் மை இளகிக் கவரோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே இன்னும் நாலு பைலை அடுக்கி, கோடை வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

உடனே பிய்த்து இழுக்காதீர்கள். முதலில் கவரோடு அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கோடு கவரோடு போனாலும் டிசைன் கையில் இருக்கும். அப்புறம் ஈரம் புகாமல் ஒரு ஜிப் கவரில் போட்டு அரை மணி நேரம் பிரீசரில் வையுங்கள். பிளாஸ்டிக் விறைத்துக்கொள்ளும். வெளியே எடுத்த உடனே, ஒரு மூலையிலிருந்து, தாளைப் பிடித்து இழுக்காமல் கவரைப் பின்பக்கமாக மடித்து உரியுங்கள். பல சமயம் முழுசாக வந்துவிடும்.

அடுத்த தடவை கவர் வாங்கும்போது பாலிபுரோப்பிலின் என்று கேட்டு வாங்குங்கள். முக்கோணக் குறிக்குள் 5 என்று போட்டிருக்கும். 3 என்றால் பிவிசி. குறி எதுவும் இல்லையென்றால் மோந்து பாருங்கள். புது ரெக்சின் வாசனை தூக்கலாக அடித்தால் பிவிசி. பாலிபுரோப்பிலின் கவர் கசக்கினால் சரசரக்கும், பார்வைக்குக் கொஞ்சம் மங்கலாக இருக்கும், வாசனை இருக்காது.

மற்ற தாள்களிலும் எண்ணெய்க் கறை, வெள்ளைப் பொடி

இது ஆரி செய்கிறவர்களுக்கே உரிய கோளாறு. பட்டர் பேப்பரில் டிசைன் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடர் கலந்து தேய்த்துத் துணியில் டிரேஸ் எடுக்கிறோம். வேலை முடிந்ததும் அந்தத் தாளை மடித்து மற்ற டிசைன்களோடு பைலில் சொருகிவிடுகிறோம். கை தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் ஓட்டைகளின் ஓரத்தில் எண்ணெய் ஊறி நிற்கும். பைல் மூடியதும் அது பக்கத்துத் தாளுக்கு இறங்கும். பொடி உதிர்ந்து கவரின் அடியில் ஒரு கோடாகத் தங்கும்.

உபயோகித்த தாளின் இரண்டு பக்கத்தையும் காய்ந்த பருத்தித் துணியால் ஒத்தி எடுங்கள். பின்பக்கம் ஓட்டைகளின் விளிம்பு மேடாக இருக்கும். அங்கே தேய்த்தால் கிழியும், ஒத்தத்தான் வேண்டும். பிறகு அடுப்பு எரியாத, காற்றோட்டமான இடத்தில் கொடியில் க்ளிப் போட்டு இரண்டு நாள் தொங்கவிடுங்கள். மோந்து பார்த்து மண்ணெண்ணெய் வாசனை போன பிறகே பைலுக்குள் போகலாம். அப்போதும் மடிக்கக் கூடாது. மடித்த கோட்டில் பொடி இறங்கி, அடுத்த டிரேஸில் இல்லாத கோடு ஒன்று துணியில் விழும். முதுகு டிசைன் மாதிரி பெரிய தாளாக இருந்தால் சுருட்டி, பழைய காலண்டர் குழாயில் வையுங்கள். பைலில் அந்த டிசைனின் சின்ன ஜெராக்ஸ் ஒன்றும், “குழாய் எண் 3” என்ற குறிப்பும் இருந்தால் போதும்.

ஏற்கனவே கறைபட்ட தாளில் இருந்து எண்ணெய் முழுக்கப் போகாது. டிஷ்யூ காகிதத்துக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு வாரம் விட்டால் பரவுவது நிற்கும். அதன் பிறகு அந்த டிசைனைப் புதுத் தாளில் நகல் எடுத்துவிடுங்கள்.

வளையம் சரியாக மூடவில்லை, தாள் ஓட்டையில் கிழிகிறது

ரிங் பைல் காகிதத்துக்காகச் செய்தது. அதில் மணிப் பாக்கெட்டையும் குந்தன் கல் பாக்கெட்டையும் கவரில் போட்டுக் கோர்த்தால் வளையம் வாய் பிளக்கத்தான் செய்யும். முதலில் கனமானதையெல்லாம் வெளியே எடுத்து டப்பாவுக்கு அனுப்புங்கள். நூல் சுற்றிய அட்டை, சமிக்கியின் மாதிரித் துண்டு, டிசைன் தாள், பில் இவைதான் பைலில் இருக்க வேண்டியவை.

இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், குறட்டின் வாயில் துணி சுற்றி, வளையத்தைப் பக்கவாட்டில் மெல்ல நெருக்கிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் பைலை மாற்றுங்கள். அந்த இடுக்கில் தாள் மாட்டி மாட்டித் தினமும் கிழியும். வளையத்தைக் கையால் நடுவில் பிடித்துப் பிரிப்பதை நிறுத்துங்கள். மேலும் கீழும் இருக்கிற இரண்டு நாக்கையும் ஒரே நேரத்தில் அழுத்தித் திறந்தால் பைல் ரொம்ப வருடம் உழைக்கும்.

வட்ட வளையம் பைலின் முதுகில் பொருத்தப்பட்டிருக்கும். மூடும்போது தாள்கள் வளைவைச் சுற்றி நகர வேண்டியிருப்பதால் ஓட்டை கிழிகிறது. டி வடிவ வளையம் பின் அட்டையில் இருக்கும், தாள் நேராக அடங்கும். வாங்குவதென்றால் டி வளையமே வாங்குங்கள். சாதாரணப் பஞ்சிங் மெஷின் போடுகிற இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் 80 மி.மீ. தூரம் இருக்கும். பைலின் வளையத் தூரத்தையும் அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

மணிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன

எங்கள் தெருவில் ஓர் அக்கா பீட்ஸ் எல்லாவற்றையும் அஞ்சறைப்பெட்டியில் வைத்திருந்தார். வீட்டில் வைத்து வேலை செய்யும்வரை அதைவிட வசதியானது இல்லை. கிண்ணம் கையில் எடுக்கலாம், ஊசி முனையால் நேராகக் கோர்க்கலாம். ஒரு நாள் வகுப்புக்கு அதைப் பஸ்ஸில் எடுத்துப் போனார். அஞ்சறைப்பெட்டி சமையல்மேடையில் சமமாக இருப்பதற்காகப் பிறந்தது. கிண்ணங்களுக்கு மேல் ஒரே மூடிதான், நடுவில் இடைவெளி. பை சாய்ந்ததும் ஏழு கிண்ணமும் ஒன்றாகிவிட்டது.

கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலும் இதே பிரச்சினை வரும். தடுப்புச் சுவர் மூடியைத் தொடுகிற மாதிரிதான் தெரியும், ஆனால் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். வாங்கியதும் ஒரு மூலைக் கட்டத்தில் மட்டும் உங்களிடம் உள்ள மிகச் சின்ன சுகர் பீட்ஸைப் பத்து போட்டு மூடி, தலைகீழாக்கி நன்றாகக் குலுக்குங்கள். பத்தும் அதே கட்டத்தில் இருந்தால் டப்பா நல்லது. ஒன்று தாண்டினாலும் பஸ்ஸுக்கு ஆகாது. மூடியின் உள்பக்க அளவுக்கு 2 மி.மீ. ஃபோம் ஷீட் வெட்டி ஒட்டினால் அந்த இடைவெளி அடைபடும். அதற்கும் மேலே, வெளியே எடுத்துப் போகிற பெட்டிக்கு நான் கட்டம் போட்டதை நம்புவதில்லை. திருகு மூடி போட்ட சின்னச் சின்ன டப்பிகளை ஒரு பெட்டியில் நிறுத்தி வைப்பதே நிம்மதி.

கலந்ததைப் பிரிக்க முறத்தில் புடைக்கிற பழக்கம் கைகொடுக்கும். ஓரம் உள்ள எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு கை மணியைப் பரப்பி, தட்டை லேசாகச் சாய்த்து விரலால் தட்டுங்கள். உருண்டை முத்தும் சுகர் பீட்ஸும் உருண்டு கீழே வரும். குழாய் மாதிரி நீளமான பைப் பீட்ஸ் பாதியில் நிற்கும். சமிக்கி தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலேயே இருக்கும். இப்படி வடிவத்தால் பிரித்த பிறகு அளவுக்குச் சல்லடை. மணிகளின் அளவு எண்ணில் எண் கூடக் கூட மணி சின்னது: 8 என்றால் சுமார் 3 மி.மீ., 11 என்றால் சுமார் 2 மி.மீ., 15 என்றால் சுமார் 1.5 மி.மீ. 8-ம் 11-ம் கலந்திருந்தால் நடுத்தரக் கண் உள்ள சல்லடை பிரித்துவிடும். ஒரே அளவில் இரண்டு நிறம் கலந்திருந்தால் கையால் பொறுக்குவதைத் தவிர வழி இல்லை. ஐம்பது ரூபாய் மணிக்காக ஒரு மதியம் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். அதை அப்படியே “கலவை” என்று எழுதி வையுங்கள். பூவின் நடுப்பகுதிக்கும் சிறுவர் உடைக்கும் கலந்த நிறம் அழகாகவே இருக்கும்.

பெயரை மூடியில் எழுதாதீர்கள். மூடி இடம் மாறும். டப்பியின் உடம்பில் எழுதுங்கள்.

நூல் சிக்காகிறது

பட்டு நூல் ரீல் வழுக்கும். முனையைச் செருக இடம் இருக்காது, பெட்டியில் உருண்டால் பக்கத்து ரீலோடு பின்னிக்கொள்ளும். ரீலை நிமிர்த்தி நிறுத்துகிற உயரமுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள், முனையைச் சின்னப் பிளாஸ்டிக் க்ளிப்பால் பிடித்துவையுங்கள். செலோடேப் ஒட்டினால் பசை நூலில் இறங்கி, ஆரி ஊசியின் கொக்கியில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

ஆறு இழை பருத்தி நூல் ஒரு கண்டு 8 மீட்டர். வாங்கிய அன்றே அட்டையில் சுற்றினால் சிக்குக்கு இடமில்லை. இறுக்கிச் சுற்றாதீர்கள், மடிப்புத் தடம் விழுந்து தையலில் தெரியும். ஏற்கனவே சிக்கான நூலை முனையைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. மேஜையில் வைத்து, சிக்கை வெளிப்பக்கமாகத் தளர்த்தித் தளர்த்திப் பெரிதாக்குங்கள். முடிச்சு போலத் தெரிவதில் பாதி வெறும் வளையம்தான், தானே விலகும்.

நூலின் எண் தெரியவில்லை

காகித லேபிளைக் கழற்றுவதற்கு முன்னால் அட்டையில் எண்ணை எழுதுங்கள், கம்பெனிப் பெயரோடு. கறுப்பு டிஎம்சியில் 310, ஆங்கரில் 403. பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் பயன் இல்லை. அட்டைகளைப் பைல் கவரில் நிறவாரியாக வைப்பதா, எண்வாரியாக வைப்பதா? எண்வாரியாக வையுங்கள். டிசைனில் எண்தான் போட்டிருப்பார்கள், தேடுவதும் எண்ணை வைத்துத்தான். டிஎம்சியில் 309 ரோஸ், 310 கறுப்பு, 311 கருநீலம். அடுத்தடுத்த எண்ணுக்கு நிறத்தில் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று இல்லை. நிறவாரியாக அடுக்கினால் ஒவ்வொரு தடவையும் பைல் முழுக்கப் புரட்ட வேண்டிவரும்.

எண் தொலைந்துபோன நூலைக் காலை பத்து மணி வாக்கில் ஜன்னலோரம் வைத்து, கம்பெனியின் நிற அட்டையான ஷேட் கார்டோடு ஒப்பிடுங்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்தால் மறுநாள் வேறு நிறமாகத் தெரியும்.

ஊசி துருப்பிடிக்கிறது

நான் இருப்பது நாகையில். உப்புக்காற்று, போதாததற்கு ஐப்பசி கார்த்திகை மழை. வேலை முடிந்ததும் ஊசியைத் துடைத்துவிட்டு வைப்பதுதான் பாதி வைத்தியம், கை வியர்வையே துருவுக்கு விதை. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானாலோ, நீலம் ரோஸானாலோ அது நிறைந்துவிட்டது. நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள், பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். மூடி இறுகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுவது வீண்.

டப்பா பிசுபிசுக்கிறது, தாளில் பூச்சி

இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இராமபாணப் பூச்சி தாளை அரிக்கிறதே என்று அந்துருண்டை போட்டிருப்பீர்கள். அந்துருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். கண்ணாடி போலத் தெளிவாக, தட்டினால் டக்கென்று ஒலிக்கிற பாலிஸ்டைரின் டப்பா மங்கி, பிசுபிசுத்து, கடைசியில் மணிகளே அதில் பதிந்துவிடும். குறி எண் 6. அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். பூச்சிக்குத் தேவை ஈரமும் கஞ்சிப் பசையும்தான். மைதாப் பசை ஒட்டிய அட்டையை வெளியேற்றி, பைலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, மாதம் ஒரு தடவை புரட்டிவிட்டால் குறையும்.

வகுப்புக்குப் போனால் ஏதாவது ஒன்று வீட்டிலேயே நின்றுவிடுகிறது

எல்லாவற்றையும் தூக்கிப் போக நினைப்பதால் வருவது இது. பைல் வீட்டில் இருக்கட்டும். ஒரு ப்ளவுஸுக்கு ஒரு ஜிப் கவர் என்று வையுங்கள். துணி, சுருட்டிய டிரேஸ், நூல் அட்டை, வேண்டிய மணி டப்பி, அவ்வளவுதான். கவருக்குள் ஒரு துண்டு அட்டையில் எழுதிவையுங்கள்: நூல் டிஎம்சி 310, தங்க ஜரிகை ஒரு ரீல், சுகர் பீட்ஸ் 11, கத்தரி.

வீட்டு பைலில் இன்னொன்று செய்து வையுங்கள், எனக்கு இதில் கிடைத்த நிம்மதி பெரிது. மூன்று விரல் அகலத்தில் காடாத் துணிப் பட்டை. புதிதாக எந்த மணி வாங்கினாலும் அதில் ஐந்து மணியைத் தைத்து, கீழே அளவு, வாங்கிய கடை, விலை, மாதம் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது அந்தப் பட்டை மட்டும் போதும். கடைக்காரர் கையில் கொடுத்தால் பார்த்த உடனே எடுத்துப் போடுவார்.

கவரில் கடைசியாகப் போட வேண்டியது ஆரி ஊசி. அதன் கொக்கி முனை கவரையும் துணியையும் குத்தி இழுக்கும். தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீபிளில் மை இல்லாத பக்கம் இரண்டு அங்குலம் வெட்டி, முனைக்கு உறையாக மாட்டுங்கள். தளர்வாக இருந்தால் உறையின் வாயில் ஒரு சுற்று நூல் கட்டினால் கழன்று விழாது.